கனமான பொருள்

இந்த ஆள் பொய் சொல்கிறார்.

இடுப்புப் பட்டையை இறுக்கும்போதே தெரிந்துவிட்டது. போன முறை இளகி, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு போன முதுகு, இன்று பழையபடி இறுகிக் கிடக்கிறது.

முதுகு பொய் சொல்லாது. முதுகுக்குச் சொந்தக்காரர்கள்தான் சொல்வார்கள். இந்தத் தொழிலுக்கு வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பட்டனை அழுத்தினேன். அவர் படுத்திருந்த மேசையின் கீழ்ப்பாதி மெல்ல நகர்ந்து இடுப்பை இழுத்தது. கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விடும். கத்தி இல்லை, ஊசி இல்லை, அவ்வளவுதான் வைத்தியம். எலும்புகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடம் கிடைக்கும். பிதுங்கிய டிஸ்க் உள்ளே போகப் பார்க்கும். நசுங்கிக் கிடந்த நரம்பு மூச்சு விடும்.

நான் இங்கே திறந்துவிடுகிற இடத்தை வெளியே எதுவோ அடைத்துவிடுகிறது. அது என்னவென்றுதான் பிடிபடவில்லை.

இவர் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். கடையில் இவர் தூக்குவதிலேயே பெரிய சாமான் ஒரு சுவர்க் கடிகாரமாக இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கழுத்தும் முதுகும் போய்விட்டது என்று வந்தார். நானும் நம்பினேன். ஆனால் உட்காருகிறவர் முதுகு எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியாதா? இது பாரம் தூக்குகிறவர் முதுகு.

அதோடு பிடரியில் சிவப்பாக ஒரு தடம் வேறு. வளையல் அழுந்திய தடம். முதலில் பார்த்தபோது, மனிதர் கொடுத்து வைத்தவர்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த வளையல்காரி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இவருடைய மனைவி. என் சந்தேகம் முழுக்க அவர் மேல்தான்.

ஒவ்வொரு முறையும் கூடவே வந்துவிடுவார். கீழே செருப்புக் கடை, மாடியில் நான், நடுவில் செங்குத்தான படிக்கட்டு. நான் கதவைத் திறந்துவைத்துவிட்டு மெஷினைச் சரிபார்த்துத் திரும்புவதற்குள் வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத புடவை, மடியில் கைப்பை. என்னை டாக்டரம்மா என்பார். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அந்த நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திருக்க மாட்டார். தண்ணீர் கேன் எதிர்ச் சுவரோரம்தான் இருக்கிறது. அதற்கும் இவரைத்தான் கூப்பிடுவார். பட்டையை அவிழ்த்ததும் அவிழ்க்காததுமாக இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். மகாராணி குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார்.

இங்கேயே இப்படி என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். காஸ் சிலிண்டர், ஈரத்துணி வாளி, கட்டில், பீரோ எல்லாம் இவர் தலையில்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

இன்று விடுவதாக இல்லை. இதிலும் சரியாகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாளிகூடத் தூக்கக் கூடாது என்று நான் சொன்ன அன்று இவர் முகம் செத்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பயப்படாத மனிதர் வாளிக்கு ஏன் பயப்படுகிறார் என்று அன்றிலிருந்தே எனக்கு உறுத்தல்.

வெளியே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே கேட்டேன்.

"வீட்டுல கனமான பொருள் ஏதாவது தூக்குறீங்களா சார்? உண்மையச் சொல்லுங்க."

மேசை இழுத்துப் பிடித்திருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"பொருள்னு எதுவும் தூக்குறதில்ல மேடம்."

அந்தப் 'பொருள்னு' எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் சொல்லிக்கொடுத்து அனுப்பிய சாட்சி மாதிரி இருந்தது.

திரைக்கு வெளியே வளையல் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

நேரம் முடிந்து பட்டையை அவிழ்த்தேன். கொஞ்சம் படுத்திருங்கள் என்றேன். வழக்கம்போலக் கேட்காமல் எழுந்து போனார்.

அவர்கள் கிளம்புகிற நேரத்தில் நான் எப்போதும் திரைக்கு உள்ளே அடுத்த ஆளுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருப்பேன். இன்று அடுத்த ஆள் வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு நானும் வெளியே வந்தேன்.

அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு கையை மனைவியின் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்தார். அந்த அம்மாவின் கைகள் அவர் கழுத்தைச் சுற்றின. வளையல்கள் அந்தச் சிவப்புத் தடத்தின் மேல் சரியாகப் போய் உட்கார்ந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். புடவைக்கு வெளியே இரண்டு பாதங்கள் உயிரில்லாமல் தொங்கின.

மகாராணி என்று நினைத்தேனே. எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மேசை கொடுத்த இடம் இந்தப் படிக்கட்டிலேயே போய்விடும். வாயைத் திறந்தேன்.

அந்த அம்மா முந்திக்கொண்டார். கணவரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கண்ணில் அத்தனை பயம்.

"உக்காந்தே வேலை பாக்குறதாலதானே டாக்டரம்மா இவருக்கு இப்படி? வேற எதனாலயும் இல்லையே?"

முதல் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். அது கெஞ்சியது.

"ஆமாக்கா," என்றேன். "உக்காந்து உக்காந்துதான்."

நான் டாக்டர் இல்லை என்று இன்று மட்டும் சொல்லவில்லை.