பதினோராவது கூட்டாய்வு

மருத்துவக் கணினி மையத்தோடு கூட்டாய்வு செய்யப் பதினோராவது முறையாக விண்ணப்பித்தார் தணிகாசலம். இறந்துபோன மனைவி கோமளாவின் உடல், மருந்துகளைச் சோதிப்பதற்கான கணினிப் பிரதியாக, அங்கே நோயோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வாளருக்குத்தான் அவள் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க அனுமதி. பத்து முறையும் அவர் சோதித்த மருந்து தோற்றது. ஒவ்வொரு தோல்விக்கும் மையப் பொறுப்பாளர் ஷகிலாவுக்கு மைசூர்பாகு கொடுத்த விஞ்ஞானி உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

இந்த முறை கோமளா பிழைத்துவிட்டாள்.

“விடை கெடைச்சா கணினில இருக்கற உடம்ப அழிச்சிடணும்கறது விதி சார்,” என்றாள் ஷகிலா. “வேணும்னா தோல்வின்னே எழுதிடுங்க. நான் பாக்கல.”

“இதே நோயோட வார்டுல எத்தன பேரும்மா?”

“நாப்பது.”

‘வெற்றி’ என்று எழுதிக் கையெழுத்திடத் தொடங்கினார். பெயரின் கடைசிப் புள்ளியை வைக்காமல் பேனாவை நிறுத்தி, இன்னும் ஒரு துடிப்பு, இன்னும் ஒன்றே ஒன்று என்று கேட்டுக்கொண்டிருந்தார்.