பத்தொன்பது வருட நாற்காலி

பேராசிரியர் சொல்லச் சொல்ல, ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் மனைவி அவருடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்தாள். பணியிடத்தில் பெண்களுக்குச் சமத்துவம் பற்றிய ஆராய்ச்சி அது.

"இந்த அத்தியாயமே நீதான். பத்தொன்பது வருஷமா ஒரே நாற்காலி! உங்க ஆபீஸ் மானம் கப்பலேறப் போகுது பாரு."

"என்னங்க, அதை மட்டும் எடுத்துடுங்களேன். எங்க மேனேஜர் பாவம்."

"இப்படி எல்லாருக்கும் பாவம் பார்த்துத்தான் நீ மேலயே வரல."

அவள் சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள். "நேரமாச்சு. கதவைச் சாத்திக்குங்க."

அன்று மதியம் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய பொருட்களை வாங்கப் போனவர், அவள் மேஜையருகே மேனேஜரைப் பார்த்ததும் வெடித்தார்.

"பொம்பளைன்னுதானே சார் ஒரு புரமோஷன்கூடக் கொடுக்கல?"

மேனேஜர் திகைத்தார். "மேடம் உங்ககிட்ட சொல்லவே இல்லையா? மூணு தடவை கொடுத்தோம் சார். வெளியூர் போகணும்னதும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

அவளுடைய பணிக்கோப்பை எடுத்துவந்து திறந்தார். மூன்று கடிதங்களும் அவள் கையெழுத்தில் இருந்தன.

'கணவர் முனைவர் பட்டம் முடிக்கும்வரை இயலாது.'

'கணவரின் கட்டுரைகளுக்கு என் உதவி தேவைப்படுகிறது.'

மூன்றாவது, போன மாதம் எழுதியது. 'பணியிடச் சமத்துவம் குறித்த கணவரின் புத்தகம் முடியும் தறுவாயில் உள்ளது.'

பேராசிரியர் அவள் மேஜைப் பக்கம் திரும்பினார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அங்கே வைத்த பெயர்ப் பலகையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. பெயருக்குக் கீழே 'இளநிலை உதவியாளர்' என்றே இருந்தது.