நடுவில் தேய்ந்த டயர்

"இது டவுனுக்குள்ள ஓடுன டயர் இல்லீங்கம்மா," என்றார் அழகர்.

கொட்டாஞ்சேனையில் டயர் கடை வைத்திருப்பவர். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து பல வருடமாகியும் பேச்சு மாறவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பின் டயரை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"சந்து, திருப்பம்னு ஓடுனா ஓரமும் தேயும். இதுல ஓரம் புதுசாட்டம் இருக்கு, நடுவுல மட்டும் வழிச்சு எடுத்திருக்கு. நேர் ரோட்டுல தூரம் தூரமா ஓடுனாத்தான் இப்படி ஆகும்."

அவள் கணவன் வரதராசா லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தான்.

"நான் ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையில இருந்து இஞ்ச ஒபிசுக்கு வாறனான். அதுவும் நேர் றோட்டுத்தானே?"

"அந்தத் தூரத்துக்கு ரெண்டு வருசம் நிக்கணும், ஐயா. போன வருசக் கடைசியிலதானே நான் மாட்டிக் குடுத்தேன்? செக்பொயின்ட் செக்பொயின்டா நின்னு போறதுல டயர் எங்க தேயும்? மனுசன்தான் தேயணும்."

"ஒபிசில கட்டுநாயக்காவுக்கும் அனுப்புறவங்கள்."

"அப்பிடியோ? எனக்குச் சொல்லேல்லை," என்றாள் கனகேஸ்வரி.

குரலில் கோபமில்லை. அதுதான் வரதராசாவுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் ஓவர்ரைம் என்று சொல்லித்தான் அவன் விடிய வீட்டைவிட்டுக் கிளம்புவான். போன மாதம் மேல்மாடி றமீலாவின் கணவன் அவனைப் பாணந்துறையில் கண்டுவிட்டான். கொட்டாஞ்சேனைக்கு நேர் எதிர்த் திசை. றமீலா அதை அன்றைக்கே கனகேஸ்வரியின் காதில் போட்டாள். கனகேஸ்வரி அன்றும் எதுவும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருக்கலாம். இன்று டயர் மாற்றப் போகிறேன் என்றதும், தானும் வருவதாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள். டயர் பார்க்க அவள் ஒருநாளும் வந்தவளில்லை. இந்தக் கடையைவிட்டு இறங்கும்போது தனக்கு ஒரு குடும்பம் மிஞ்சுமா என்று அவனுக்கு நிச்சயமில்லை.

"இது உங்க தம்பி ஓட்டுன பைக்குத்தானேம்மா? அவரு எப்படி இருக்காரு?"

"அவன் கனடாவில. ஏஜென்சிக்காரன் கொண்டுபோய்ச் சேர்த்திட்டான். கோல் எடுக்கிறதெண்டால் இவரின்ரை ஒபிசுக்குத்தான் எடுப்பான். அக்காவோட கதைக்கத் துரைக்கு நேரமில்லை."

"குளிரு நாடு. வேலை வேலைன்னு ஓடுவாரு, பாவம்."

அழகர் எழுந்துபோய் இரண்டு டயர்களைக் கொண்டுவந்து போட்டார்.

"இது மெது ரப்பர். மழையில ரோட்டக் கவ்விப் புடிக்கும், ஆனா சீக்கிரம் கரைஞ்சிடும். இது கட்டி. கொஞ்சம் உதறும், ஈரத்துல பார்த்துப் பிரேக் புடிக்கணும். காத்து மட்டும் சரியா இருந்தா வருசக்கணக்கா ஓடும்."

"மெதுவானதைப் போடுங்கோ," என்றான் வரதராசா. "ஆறு மாதம் நிண்டால் காணும்."

"ஏன் ஐயா, பைக்க விக்கப் போறீங்களா?"

"இல்லை. பிறகு இவ்வளவு ஓட்டம் இருக்காது."

"இருக்கும்," என்றாள் கனகேஸ்வரி.

அழகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இறுக்கத்தைத் தளர்த்த நினைத்தார் போலிருக்கிறது.

"தூரத்துல ஏதும் சின்ன வீடு வச்சிருக்கீங்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

"அப்பிடியெண்டால் நல்லம்," என்றாள் கனகேஸ்வரி.

அழகரின் சிரிப்பு நின்றுபோனது. வரதராசா தெருவில் போகும் பஸ்ஸைப் பார்த்தான்.

அவள் குனிந்து கட்டி டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தாள்.

"என்ரை பருத்தித்துறை வடையைவிடக் கட்டியாக் கிடக்கு. சனிக்கிழமையில இவரின்ரை ஒபிசுப் பெடியளுக்கு ஒரு ரின் நிறையச் சுட்டுக் குடுக்கிறனான். வெறும் ரின்தான் திரும்பி வரும்."

"ஐயா சாப்பிடமாட்டாரா?"

"கட்டுப்பல்லை வைச்சுக்கொண்டு இவர் எங்கை கடிக்கிறது? நீங்கள் இதையே போடுங்கோ. முன்னுக்கும் பின்னுக்கும்."

அழகர் கட்டி டயர்களையே பூட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடிகளில் மறித்தார்கள். இருவரும் இறங்கினார்கள், அடையாள அட்டையைக் காட்டினார்கள், மறுபடி ஏறினார்கள். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு முறை ஏறும்போதும் வரதராசா நினைத்தான். சொல்லவில்லை. புது டயர் உதறியது.

மறுநாள் சனிக்கிழமை. வானம் இருண்டு கிடந்தது. பிளட்ஸ் கட்டடத்தின் வாசலில் அவன் ஹெல்மெட்டை மாட்டும்போது கனகேஸ்வரி வடை ரின்னோடு படியிறங்கி வந்தாள். மற்றக் கையில் ஆண்கள் உடுக்கும் சாரம் ஒன்று மடித்தபடி இருந்தது. இரண்டையும் பைக்கின் பையில் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள்.

"காத்துப் பாத்தனீங்களோ?"

"ஓம். கனகம், நான்…"

"ஒண்டும் கதையாதேங்கோ. மழை வரப்போகுது, பிரேக்கைப் பாத்துப் பிடியுங்கோ."

அவன் ஸ்டார்ட் செய்தான். அவள் கிட்ட வந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த முறை உறைப்புக் கூடப் போட்டிருக்கிறன். தடுப்புக் காம்பில ரின்னைக் கிளறிப் பாத்திட்டு உள்ளுக்கு விடுவாங்களெல்லே, அப்ப தம்பியிட்டைச் சொல்லுங்கோ, அக்கா இன்னும் அவன் கனடாவில எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா எண்டு."