பலகை குறைந்த ஓரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். பனிக்குள் கழுத்துவரை புதைந்த மார்னாவின் கதையைச் சொல்கிறேன்.

சொந்த வீட்டின் வடக்குச் சுவரில் முதுகு ஒட்ட, உட்கார்ந்த வாக்கில் சிக்கியிருந்தாள் மார்னா.

கொதிகலனின் புகைக்குழாய் வாயில் உறைந்திருந்த பனிக்கட்டியைத் தட்டிவிடத்தான் சுத்தியலோடு வந்தாள். இரண்டாவது தட்டில் தகரக் கூரையின் பனி மொத்தமும் சரிந்து, அவளைச் சுவரோரமாகவே நாலடி தள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தது.

சரிந்த பனி நொடியில் இறுகிவிடும். பனி கொட்டும் மினசோட்டாவில் இது குழந்தைக்கும் தெரியும். கால் அசையவில்லை. இடது கை மார்போடு ஒட்டிப்போயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் ஆர்லன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நாய் வயிற்றைப் பரப்பித் தரையில் படுத்திருக்கும். அந்தத் தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

கேட்காது. அது ஆர்லன் கட்டிய வீடு. சுவருக்குள்ளெல்லாம் குளிர் தடுக்கும் பஞ்சு. கான்கிரீட் தரைக்கு அடியிலும் சுற்று ஓரத்திலும் நாலு விரல் கனத்தில் தெர்மாகோல் பலகை. சூடு வெளியே போகக் கூடாது என்று அவன் அடைத்த அடைப்பில் சத்தமும் உள்ளே போகாது.

ஒரே ஓர் இடம் மட்டும் அடைபடாமல் நின்றுபோனது.

பதினோரு வருடத்துக்கு முன், கான்கிரீட் வண்டி உருளை சுழல வாசலில் நின்ற காலையில், வடக்கு ஓரத்துக்கு ஒரு பலகை குறைந்தது. கலந்த கான்கிரீட் காத்திருக்காது. அப்படியே கொட்டினார்கள்.

"ஏன்டா வெண்டல், ஏரியில மீன் பிடிக்கிற உன் குடிசைக்கு என் பலகைதான் கிடைச்சுதா?"

உதவிக்கு வந்திருந்த தம்பியைப் பார்த்துத்தான் ஆர்லன் கத்தினான். வெண்டல் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனவன்தான். அவன் வீடு இரண்டே மைல் தள்ளி. அன்றைக்கு அறுந்த பேச்சு.

பிறகாவது ஒரு பலகை வாங்கி ஒட்டியிருக்கலாம். ஆர்லன் ஒட்டவில்லை. ஜனவரியிலும் அங்கே தரைச் சூடு கசிந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பனி உருகிப் புல் தெரியும். வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவான். "பாத்துக்குங்க, எங்க தம்பி கைவேலை."

மார்னாவின் வலது கை கீழே, இடுப்போரம் மாட்டியிருந்தது. விரலில் ஈரம் பட்டது. அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் பனி இளகிக் குழிந்திருந்தது. சுத்தியல் இன்னும் கையில்தான் இருந்தது.

எங்கே விழுந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெறும் கான்கிரீட்டில் தட்டினாள். மூன்று தட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று.

நாய்க்குத்தான் முதலில் கேட்டதாம். தரையை முகர்ந்து முகர்ந்து குரைத்ததாம்.

ஆர்லன் காலுறையோடு ஓடிவந்து தோண்டினான். அழுகையும் சிரிப்புமாகத் தோண்டினான்.

"அந்தத் திருட்டுப் பய எடுத்ததும் நல்லதுக்குத்தான் போல, மார்னா!"

அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. இப்போதும் சும்மா இருந்துவிடலாம். பதினோரு வருடம் மூடிய வாய்தானே.

"வெண்டல் எடுக்கல. கோழிப்பெட்டிக்கு அடியில வைக்க நான்தான் அறுத்தேன். நீ கத்தின கத்துல சொல்லப் பயமாப் போச்சு."

ஆர்லன் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சூடான தரையில் கிடத்திப் போர்த்தினான். பிறகு ஈரக் காலுறையோடு தொலைபேசிக்குப் போய் நின்றான்.

தம்பியின் எண் மறந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுத் தரை என்றும் சூடாக இருக்கட்டும், கண்ணுகளா. ஏதாவது ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு பலகை குறைவாகவே இருக்கட்டும்.