ஆட்டுக்கால் வாங்கப் போகும் நேரம்

டாக்டர் எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் செருகினார்.

அவன் முதலில் கோமளாவின் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் படத்தை.

முழங்காலுக்குக் கீழே, எலும்பு முறிந்த இடத்தில், அதே கறுப்புக் கோடு. மின்கம்பத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம். மயிரளவும் குறையவில்லை.

சிகரெட், பீடி உண்டா என்று டாக்டர் கேட்டார். போன தடவையும் கேட்டார்.

வழக்கம்போல் கோமளாவே பதில் சொன்னாள். கல்யாணமான வருஷமே விட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை.

அவன் ஊன்றுகோலின் ரப்பர் நுனியைத் தரையில் தேய்த்தான்.

சர்க்கரை இல்லை. வயது முப்பத்தாறுதான். சொல்லும்வரை காலை ஊன்றவும் இல்லை. பிறகு எலும்பு ஏன் சேரவில்லை என்பது டாக்டருக்குப் பிடிபடவில்லை.

அவனுக்குப் பிடிபட்டது. புகை ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் போகாத இடத்தில் எலும்பு சேராது என்று முதல் நாளே இதே அறையில் சொல்லியிருந்தார்.

கோமளா தினமும் விடியும்போதே கறிக்கடைக்குப் போவாள். முந்திக்கொண்டால்தான் இளங்கால் கிடைக்கும். சைவ வீட்டில் பிறந்தவள். ஆட்டுக்காலைத் தொடவே ஒரு வாரம் பிடித்தது. இப்போது வாட்டி, நசுக்கி, மிளகு தட்டிப் போட்டு அவளே சூப் வைக்கிறாள்.

போய்வர அரைமணி ஆகும்.

அந்த அரைமணிக்காக அவன் கண்ணை மூடிப் படுத்திருப்பான்.

இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதம். அதன்பிறகும் கம்பம் ஏற முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சூப்பில் தண்ணீர் கூடிப்போயிருக்குமோ என்று கேட்டாள் கோமளா. டாக்டர் சிரிக்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றார்.

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் இடுப்புலேர்ந்து எடுத்துக்கலாமா டாக்டர்? இவரு ஏற்கெனவே ரொம்ப வலி தாங்கிட்டாரு."

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான்.

"நாலு," என்றான்.

இருவரும் திரும்பினார்கள்.

"தினம் நாலு சிகரெட். இவ கால் வாங்கப் போற நேரத்துல."

கோமளா அவனைப் பார்க்கவில்லை.

காலடியில் பிளாஸ்க் இருந்தது. அன்றைய சூப். அதை மடியில் எடுத்து வைத்து, மூடியை இறுக்கினாள்.

ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.