மெஷின் இங்கேயே இருக்கட்டும்

காலை ஐந்தரைக்கு மாயகிருஷ்ணன் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். சத்தியபாமாவின் பழைய சேலையில் கிழித்த துணியால் மெஷினைத் துடைத்தான். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தான். ஒன்றரை வருடமாக இதே வரிசைதான்.

மெஷின் என்றால் ஒரு கனத்த கம்ப்யூட்டர் பெட்டி. புதியம்புத்தூரில் ரெடிமேட் தைக்கும் நாற்பது பேருடைய சட்டை, பாவாடை, சுடிதார் படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. வெளியூர்க் கடைக்காரர்கள் இணையத்தில் பார்த்து ஆர்டர் போடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து கட்டிய தளம். பெண்டாட்டி சத்தியபாமா இப்போது சுவரில் படமாக இருந்தாள்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. மின்வெட்டு காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். பேட்டரி கால் மணி நேரம் தாங்கும். அப்புறம் தளம் படுத்துவிடும்.

ஏழு மணிக்கே புதியம்புத்தூர் தங்கசாமி போனில் வந்தார். "தம்பி, நேத்து சாயங்காலமும் உங்க தளம் தொறக்கல. சேலத்துக் கடைக்காரரு ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. இன்னைக்கு ஒரு வழி பண்ணலன்னா நாங்க நாப்பது பேரும் எங்க வழியப் பாத்துக்கிடுதோம்."

போனை வைக்கும்போது பாண்டியராஜன் வாசலில் நின்றான். செருப்பில் அப்பிய கரிசல் மண்ணைப் படிக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். கல்லூரியில் மாயகிருஷ்ணனுக்கு இரண்டு வருடம் இளையவன். சத்தியபாமா இறந்தபோது துபாயில் இருந்தான். எப்படி இறந்தாள் என்று இதுவரை கேட்டதில்லை. இப்போது சென்னையில், ஊர்ப்பட்ட கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் தங்களிடம் வைத்து ஓட்டிக் கொடுக்கும் இடத்தில் வேலை.

"போன்ல சொன்னதுதான் அண்ணாச்சி. மெஷின் உங்களுது. எடம், கரண்டு, ஏசி, நெட்டு எங்களுது. எங்க அலமாரியில வச்சிட்டா வருஷம் பூரா ஓடும்."

"பழுதாயிட்டுன்னா?"

"சின்ன வேலைன்னா எங்க ஆளுங்க பாப்பாங்க. பெரிசுன்னா நீங்க ரயில் ஏறி வரணும். அந்தக் கஷ்டம் இருக்கு, இல்லேங்கல."

"எனக்கு இது தேவைதானா?"

"சின்னத் தளம்னா அடுத்தவன் மெஷின்லயே ஒரு ஓரமா எடம் வாங்கிட்டுப் போயிரலாம். உங்ககிட்ட சொந்த மெஷின் இருக்கு, நாப்பது பேரு பொழப்பு இருக்கு, கரண்டுதான் இல்ல. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரில்லா இருக்கு!"

மாயகிருஷ்ணன் சிரிக்கவில்லை. "மெஷின் இங்கனயே இருக்கட்டும்லே. வீட்டை விட்டு அனுப்பக் கூடாதுன்னு அவ கடைசியா சொல்லிட்டுப் போயிருக்கா."

அதற்கு மேல் பாண்டியராஜன் வற்புறுத்தவில்லை. இதைக் கேட்ட எல்லோருமே அப்படித்தான்.

பேச்சை மாற்ற அறையைச் சுற்றிப் பார்த்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மெஷினில் இருந்தன, ஃபேனில் இருந்தன, பேட்டரியில், ஒரு மழுங்கிய கத்தரிக்கோலில்கூட இருந்தன. முற்றத்தில், மாடிப்படிக்கு அடியில், பாதி சாக்குப் போட்டு மூடிய ஜெனரேட்டர் கிடந்தது. அதற்கு மட்டும் பொட்டு இல்லை.

"என்ன அண்ணாச்சி, எல்லாத்துக்கும் வச்சிட்டு அத மட்டும் விட்டுட்டீங்க? கோவிச்சுக்கிடப் போவுது."

"அது ஓடாது."

மழை பிடித்தது. எட்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்டு போனது. ஃபேன் நின்றது. பேட்டரி கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. தங்கசாமியின் போன் மறுபடியும் அடித்தது. மாயகிருஷ்ணன் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இருங்க, ஜெனரேட்டர் கயித்த ஒரு இழுப்பு இழுத்துப் பாப்போம்." பாண்டியராஜன் வெறுங்காலோடு முற்றத்துத் தண்ணீரில் இறங்கினான். சாக்கை நீக்கிவிட்டுக் கையை நீட்டினான்.

"ஏலே, தொடாத!"

மாயகிருஷ்ணன் பாய்ந்துபோய் அவனை இடுப்போடு கட்டி இழுத்தான். இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். "ஈரக்காலோட அதைத் தொடாதலே... தொடாதலே..." விழுந்த பிறகும் அவன் பிடியை விடவில்லை.

உள்ளே பேட்டரியின் கத்தல் நின்றுபோனது. தளம் படுத்துவிட்டது.

வெகுநேரம் கழித்து மாயகிருஷ்ணன் எழுந்து போனான். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். மெஷினைச் சேலைத் துணியில் சுற்றி, பாண்டியராஜன் கையில் வைத்தான்.

"கொண்டு போ."

பாண்டியராஜன் தயங்கினான். "மதினி கடைசியா சொன்னத மீறுதோமேன்னு இருக்கு அண்ணாச்சி."

மாயகிருஷ்ணன் சுவரில் இருந்த படத்தின் பக்கம் திரும்பவில்லை. அவள் இறந்த அன்றைக்கும் மழை, அன்றைக்கும் காலையில்தான் கரண்டு போனது. இட்லித் தட்டின் முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். சத்தியபாமா வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கியபடி, உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"இந்த மெஷின மெட்ராஸுக்கு அனுப்பிருங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன், கேக்க மாட்டீங்க... சரி, நீங்க சாப்பிடுங்க, நான் போய் ஜெனரேட்டரைப் போட்டுட்டு வாரேன்."