ஓடாத காருக்கு ஓர் அலாரம்

ஒருவரைக் கெட்டவர் என்று தீர்மானிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அடுசேவுக்கு அரை மணி நேரமே அதிகம்.

குமாசி நகரின் சுவாமே பேட்டையில் கார்களுக்கு மின்வேலை பார்ப்பவன் அவன். கடை முகப்பில் 'கடவுள் பார்க்கிறார் எலெக்ட்ரிகல்ஸ்' என்று சிவப்பில் பெரிதாக எழுதி வைத்திருந்தான். ஆண்டவரைத் துணைக்கு அழைக்காத பெயர்ப்பலகையே அந்தப் பேட்டையில் கிடையாது. ஆகவே அவர் அங்கே நிறையவே பார்க்க வேண்டியிருந்தது.

முன்னாள் வேன் ஓட்டுநர் சார்ப்போங் அன்று காலை அவனைத் தம் குடியிருப்புக்கு அழைத்துப் போய், முற்றத்தில் நின்ற ஒரு பழைய காருக்கு அலாரம் பொருத்தச் சொன்னார். காருக்குச் சக்கரங்கள் இல்லை, செங்கல்மீது உட்கார்ந்திருந்தது. பானட்டைத் திறந்தால் பேட்டரி மட்டும் புதிதாகப் பளபளத்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பெரியவரே, இதுல திருடறதுக்கு என்ன இருக்கு?"

"கோழி தெரியலையா உனக்கு?"

கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று முதலில் நினைத்தான். ஆனால் வேலை வாங்குவதில் அவர் வெகு தெளிவாக இருந்தார். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்றார். சிவப்பு வயரைச் சாவியோடு சேர்க்காதே, எந்நேரமும் மின்சாரம் இருக்கும்படி நேரே பேட்டரியிலிருந்து எடு என்றார். தகட்டுத் துளையில் ரப்பர் போட்டு நுழை, கறுப்பு வயருக்குப் பெயிண்டைச் சுரண்டி இரும்பில் முடுக்கு, ஃப்யூஸைப் பேட்டரியை ஒட்டியே வை என்று வரிசையாக உபதேசம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூட அடுசே இவ்வளவு கட்டளைகளைக் கேட்டதில்லை.

கார் ஒரு ஜன்னலை ஒட்டி நின்றது. போன வாரம்தான் ஆட்களை வைத்துத் தூக்கி அங்கே கொண்டுவந்து வைத்தாராம். யார் வீட்டு ஜன்னல் என்று கேட்டான். புளித்த சோளமாவில் அவிக்கும் கென்கே உருண்டை விற்கும் டுஃபியின் வீடு என்றார் சார்ப்போங்.

"வருஷக்கணக்கா அந்த ஜன்னல்ல நின்னு என்னைத் திட்டினா, தம்பி. என் இருமல், என் ரேடியோ, என் கோழி, ஒண்ணையும் விட்டு வைக்கல. இப்ப ஒரு வார்த்தை பேசறதில்ல. நீ போடற அலாரம் செத்தவனையும் எழுப்பணும், ஆமா."

விஷயம் விளங்கிவிட்டது. பேச்சை முறித்துக்கொண்ட அண்டை வீட்டுக்காரியைப் பழிவாங்க ஒரு கிழவர் போடும் திட்டம். அடுசேவுக்கு உள்ளுக்குள் அறச்சீற்றம் பொங்கியது. இந்தச் சீற்றம் ஒரு வசதியான சரக்கு. இது பொங்கும்போது நம் வேலையை நாம் ஒழுங்காகச் செய்யத் தேவையில்லை.

அவன் பையில் நல்ல ஃப்யூஸ் இருந்தது. இந்தக் குரோதத்துக்கு அதைச் செலவழிப்பானேன் என்று அதை மறுபடி உள்ளே போட்டான். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி, ஃப்யூஸ் வைக்கும் கூட்டுக்குள் திணித்து மூடினான். வயர் எங்காவது உரசினால் ஃப்யூஸ் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். வெள்ளித்தாள் அப்படித் தியாகம் செய்யாது, வயர்தான் பழுத்துத் தீப்பிடிக்கும். இது அவனுக்குத் தெரியாததல்ல. எரிந்தால் கோழி பறந்துவிடும் என்று சமாதானம் செய்துகொண்டான். மேலே ஒருவர் பார்க்கிறார்தான். அவர் இறங்கி வந்து பானட்டைத் திறந்ததாக இதுவரை தகவல் இல்லை.

நெகட்டிவை மாட்டிவிட்டு, அலாரத்தோடு வந்த இரண்டு ரிமோட்டையும் நீட்டினான். சார்ப்போங் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றதை ஒரு கயிற்றில் கோத்து ஜன்னலைத் தட்டினார்.

ஜன்னல் திறந்தது. கழுத்தில் துணி சுற்றிய ஒரு பெண் கை நீட்டி அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"தொண்டையில ஆபரேஷன்," என்றார் சார்ப்போங். "குரலையே எடுத்துட்டாங்க. தனியா இருக்கா. மூச்சு அடைச்சுதுன்னா எப்படிக் கூப்பிடுவா? எனக்கும் காது மந்தம். எங்கே, அமுக்கு டுஃபி."

அமுக்கினாள். கார் ஊரைக் கூட்டியது. கோழி கூரையேறியது.

"அதே குரல்தான்," என்றார் கிழவர் பெருமையாக.

டுஃபி அவரைப் பார்த்து முறைத்து இன்னொரு முறை அமுக்கினாள். பிறகு ஓசையில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் தலைமாட்டுக்கும் அந்தப் பேட்டரிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது. தீப்பிடித்தால் கூச்சல் போட அவளிடம் இருந்த ஒரே தொண்டை, அந்தக் கார்.

அடுசே கிளம்பவில்லை.

"பெரியவரே, பானட்டைத் தூக்குங்க. ஒரு வேலை பாக்கி."

"முடிஞ்சுதுன்னு சொன்னியே?"

"சொன்னேன்."

நெகட்டிவைக் கழற்றினான். வெள்ளித்தாளை எடுத்து யார் கண்ணிலும் படாமல் கசக்கிச் சட்டைப்பையில் போட்டான். நல்ல ஃப்யூஸை வைத்தான். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கிழவர் கையிலும் கொடுத்தான்.

சார்ப்போங் நெகிழ்ந்துபோனார். "உன்னை மாதிரி நேர்மையான ஆள் இந்தப் பேட்டையில கிடையாது, தம்பி," என்றார். அடுசேவின் சட்டைப்பை கனத்தது.

'இவனுக்கு இது போதும்' என்று நீங்களும் எங்கேயோ ஒரு வெள்ளித்தாளைத் திணித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். எழுந்திருங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றே போய் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.